பத்து மணிக்கு மேல் பாராசைட்டாலஜி

தாராபுரம் அரசு ஆஸ்பத்திரியில் முப்பத்துநாலு வருஷம் கம்பவுண்டராக இருந்தவன் நான். அத்தனை வருஷத்தில் பதினேழு டாக்டர்களுக்குக் கீழே வேலை பார்த்திருக்கிறேன். அதில் ஒருவர் ஐந்து வருஷம் ஸ்டெதஸ்கோப்பைக் காதில் மாட்டாமல், கழுத்தில் போட்டபடியே நோயாளி பார்த்தார். அவர் மாற்றலாகிப் போன அன்றைக்கு ஊர்ச்சனம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து அழுதது. இன்னொருவர் எந்த வியாதிக்கும் ஒரே சிவப்பு மிக்சரைத்தான் எழுதுவார். அந்த மிக்சர் தீர்ந்துபோய் மூன்று மாசம் வரவில்லை. அந்த மூன்று மாசமும் ஊரில் யாருக்கும் வியாதியே வரவில்லை. ஆகவே டாக்டராவதற்கு எந்தப் பாடம் எடுக்க வேண்டும் என்று நாலு பேர் கூடி வாதாடினால் எனக்குக் கொட்டாவிதான் வரும்.

நியூ ஜெர்சியில், ஐசலினில் இருக்கும் என் மகள் கண்மணி வீட்டோடு வந்த பிறகு, வாராவாரம் அந்தக் கொட்டாவியை விட வேண்டியதாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குக் கஸ்தூரிரங்கன் என்பவர் வீட்டு பேஸ்மென்டில் ஒரு சபை கூடும். வருகிற ஒவ்வொருவருக்கும் காலேஜில் படிக்கிற பிள்ளை ஒன்று இருக்கும். அமெரிக்காவில் நாலு வருஷம் வேறு பட்டப் படிப்பு முடித்தால்தான் மெடிக்கல் ஸ்கூல் வாசலையே மிதிக்க முடியும். அது டாக்டராகப் போகிறது என்பது அதற்குப் பல் முளைக்கும் முன்பே முடிவாகியிருக்கும். சபையில் இன்ஜினியர்கள் உண்டு, ஆடிட்டர்கள் உண்டு, கம்ப்யூட்டர்காரர்கள் ஏராளம். டாக்டர் ஒருத்தர்கூடக் கிடையாது. ஒருமுறை நிஜ டாக்டர் ஒருவர் தெரியாமல் வந்துவிட்டார். "எந்த சயின்ஸ் கோர்ஸா இருந்தா என்னங்க, பிடிச்சதை எடுத்து ஒழுங்கா படிச்சாப் போதும்" என்றார். அவருக்கு இரண்டாவது காபி கொடுக்கப்படவில்லை.

கஸ்தூரிரங்கன் பெயின்ட் கம்பெனியில் கெமிஸ்ட். அவருடைய மூத்த மகன் முதல் தடவையிலேயே மெடிக்கல் ஸ்கூலில் நுழைந்துவிட்டான். அன்றிலிருந்து அவர் தும்மினால்கூட அதில் ஏதாவது சூசகம் இருக்கும் என்று பக்கத்தில் இருப்பவர்கள் யோசித்தார்கள். பையன் எந்த மேஜையில் உட்கார்ந்து படித்தானோ அதே மேஜையைத் தேடி மூன்று குடும்பங்கள் பென்சில்வேனியா வரைக்கும் போய் வந்தன.

என் மாப்பிள்ளை ஜெயபிரகாஷ் அந்தச் சபையின் தீவிர பக்தர். கோபிச்செட்டிபாளையத்துக்காரர். இங்கே ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறார். நல்ல மனுஷர்தான், சிகரெட் கிடையாது, குடி கிடையாது, சொந்த புத்தியும் கிடையாது. அவருடைய ஒரே மகள் தென்றல், மாநிலப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். முந்தின டிசம்பரில் அவள் ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் 'பி' வாங்கினாள். வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. மாப்பிள்ளை மூன்று நாள் சவரம் செய்துகொள்ளவில்லை. துக்கம் விசாரிக்கவும் யாரையும் கூப்பிட முடியாது, ஏனென்றால் வெளியே 'ஏ' என்று சொல்லியாகிவிட்டது. இது எங்கள் வீட்டுப் பழக்கம் மட்டுமல்ல. அந்த வட்டாரத்தில் எந்தத் தமிழ்ப் பிள்ளையும் 'ஏ'க்குக் குறைந்து வாங்கினதாகச் செய்தி கிடையாது. 'சி' வாங்கின பிள்ளை வீட்டில் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு, மறுநாள் கேசரி கொண்டுவந்து கொடுப்பார்கள்.

தொண்ணூற்றேழாம் வருஷம், ஏப்ரல் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்குப் பல்கலைக்கழகத்தில் அடுத்த வருஷப் பாடங்களுக்குப் பதிவு ஆரம்பம். எல்லாம் டெலிபோன் வழியாகத்தான். பல்கலைக்கழக நம்பரைக் கூப்பிட்டால் ஒரு மெஷின் பேசும். அது கேட்கக் கேட்க பட்டனை அமுக்க வேண்டும். மூன்றாம் வருஷத்தில் எடுக்கிற மேல் வகுப்பு சயின்ஸ் பாடம்தான் மெடிக்கல் ஸ்கூல்காரன் கண்ணில் முதலில் படும் என்பது சபையின் சித்தாந்தம். ஆகவே அன்றைக்கு பேஸ்மென்டில் நிற்க இடமில்லை. எனக்கு வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு மடக்கு நாற்காலி கிடைத்தது. வெதுவெதுப்பான இடம்.

கஸ்தூரிரங்கன் என் மாப்பிள்ளையைத் தோளில் கைபோட்டு அந்த வாஷிங் மெஷின் பக்கம் தள்ளிக்கொண்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து டைப் அடித்த ஒரு தாளை எடுத்தார்.

"ஜெயபிரகாஷ், உங்க கிட்ட மட்டும்தான் சொல்றேன். வெளில போகப்படாது. பாராசைட்டாலஜி."

"அப்படின்னாங்க?"

"குடல் பூச்சி, கொக்கிப் புழு, பேன், உண்ணி. எம் பையன் எடுத்தான். கிளாஸ்ல ஒன்பது பேர். ஒன்பது பேருக்கும் ஏ! அந்த புரொபசருக்கு ஏ தவிர வேற எழுத்தே எழுதத் தெரியாது."

"மெடிக்கல் ஸ்கூல்ல இத மதிப்பாங்களா சார்?"

"பூச்சி மனுஷன் வயித்துக்குள்ளதானே ஓய் இருக்கு? அதைவிட மெடிக்கலா என்ன வேணும்?"

மாப்பிள்ளை அந்தத் தாளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அடுத்த ஒன்றேகால் மணி நேரத்தில் கஸ்தூரிரங்கன் அதே வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் இன்னும் இருபத்தொரு பேரைத் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். "உங்க கிட்ட மட்டும்" என்று இருபத்தொரு தடவையும் சொன்னார். குரல் கொஞ்சம்கூடத் தேயவில்லை. நான் ஏன் மாப்பிள்ளையிடம் இதைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். என்னை யாரும் கேட்கவில்லை.

என்னைக் கேட்டது வேறு விஷயம். ஊரிலிருந்து வரும்போது ஒரு பஞ்சாங்கம் கொண்டுவந்திருந்தேன். அதனால் அந்தச் சபையில் எனக்கும் ஒரு மரியாதை இருந்தது.

"மாமா, நாளைக்குத் திங்கக்கிழமை. ஏழரைக்குப் போன் லைன் திறக்குது. ஏழரை ஒம்பது ராகு காலமாச்சுங்களே?" என்றார் மாப்பிள்ளை, கலவரத்தோடு.

பேஸ்மென்டில் காபி டம்ளர்கள் எல்லாம் கீழே இறங்கின.

"அது மட்டுமா?" என்றார் யாழ்ப்பாணத்து நகுலேஸ்வரன். அவர் ஆடிட்டர், மகன் அபிராம் தென்றலோடு படிக்கிறான். "இண்டைக்குக் காலமைதான் எல்லா மணிக்கூட்டையும் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள். அப்ப ராகு காலம் ஏழரையோ, எட்டரையோ?"

நியாயமான கேள்வி. அமெரிக்காவில் வருஷத்துக்கு இரண்டு தடவை கடிகாரத்தைத் திருப்பிவைக்கிற கூத்து உண்டு. இருபத்துமூன்று பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் பஞ்சாங்கத்தைத் திறந்து, கல்யாண முகூர்த்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தேன்.

"கடிகாரத்தை மாத்தச் சொல்லி கவர்ன்மென்ட் ராகுவுக்கு ஆர்டர் அனுப்பிச்சானா இல்லையான்னு நமக்குத் தெரியாது. அனுப்பியிருந்தா ஏழரையிலிருந்து ஒம்பது. அனுப்பலைன்னா எட்டரையிலிருந்து பத்து. ரெண்டையும் தள்ளிட்டா வம்பே இல்லை. பத்து மணிக்கு மேல பண்ணுங்க. பத்தரைக்கு எமகண்டம் ஆரம்பிச்சுடும். அரை மணி நேரம் இருக்கு, தாராளம்."

எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். எம்.எஸ். பட்டம் பெற்றவர்கள் பதினான்கு பேர், பி.எச்.டி. மூன்று பேர். ஒருத்தராவது சிரிப்பார் என்று பார்த்தேன். ஒருத்தர் மட்டும், "பத்தா, பத்து ஒண்ணா சார்?" என்று கேட்டார்.

அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் மாப்பிள்ளை தாளைப் பிரித்து வைத்தார். தென்றலுக்குத் தமிழ் எல்லாம் புரியும். பதில் மட்டும் ஆங்கிலத்தில் வரும். அதை நான் தமிழில் எழுதுகிறேன். அதில் மரியாதை கொஞ்சம் கூடித் தெரிந்தால் அது என் கைவேலை.

"அப்பா, நான் நியூரோபயாலஜி லேப் எடுக்கப்போகிறேன். ஹால்வர்சன் அம்மாள் நடத்துவது. பதினாறு சீட்டுதான்."

"அந்தம்மாவா? வருஷத்துக்கு ரெண்டே ரெண்டு ஏ போடும்னு சொல்றாங்க. போன வருஷம் ஒண்ணுதானாம்."

"இருக்கட்டும்."

"இருக்கட்டுமா? ஏற்கெனவே ஒரு பி உட்காந்திருக்குது, ஞாபகம் இருக்குதா?"

அந்த பி யாரோ செத்துப்போன சொந்தக்காரன் போல எங்கள் மேஜையில் எப்போதும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.

தென்றல் கரண்டியை வைத்தாள். சனிக்கிழமைகளில் அவள் ஒரு ஆஸ்பத்திரியில் சம்பளமில்லாமல் சக்கர நாற்காலி தள்ளப் போவாள். அங்கே பக்கவாதம் வந்த ஒரு கிழவரைப் பற்றிச் சொன்னாள். அவருக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்க வாய் வராதாம். ஆனால் சர்ச் பாட்டு ஆரம்பித்தால் நாலு சரணமும் ஒரு வார்த்தை பிசகாமல் பாடுவாராம். பேச்சு போய்விட்டது, பாட்டு போகவில்லை. அது எப்படி என்று தெரிந்துகொள்ளாமல் தன்னால் தூங்க முடியவில்லை என்றாள். அந்த லேபில் அதைத்தான் சொல்லித் தருகிறார்களாம். அந்த அம்மாளுக்கு நம்மைப் பிடித்துவிட்டால் சிபாரிசுக் கடிதமும் எழுதுவார்களாம். கோர்ஸ் இப்போது கிடைக்காவிட்டால், அப்புறம் அவர் லீவில் போய்த் திரும்பி அதை நடத்த இரண்டு வருஷமாகுமாம். அதற்குள் அவள் படிப்பே முடிந்துவிடும்.

பதினேழு டாக்டர்களைப் பார்த்த எனக்கு, நோயாளியைப் பற்றி இவ்வளவு நேரம் யோசித்தவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. நான் மோரை ஊற்றிக்கொண்டேன்.

மாப்பிள்ளை எல்லாவற்றையும் கேட்டார். கேட்டுவிட்டு, "அந்தப் பெரியவர் பாடட்டும் கண்ணு. நீ பாராசைட்டாலஜி எடு" என்றார். "நானே நாளைக்கு லீவு போட்டுட்டு உனக்கு போன் பண்ணிடறேன். நேரமெல்லாம் பாத்தாச்சு."

"அவதானேங்க படிக்கப் போறா?" என்றாள் கண்மணி.

"கஸ்தூரிரங்கன் சார் என்கிட்ட மட்டும் சொல்லியிருக்கிறாரு. அதோட மதிப்பு உனக்குத் தெரியாது."

தென்றல் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வைத்தாள். அந்த வீட்டில் யாரும் சொல்லாமலே அவள் தட்டுக் கழுவினது அன்றைக்குத்தான். கவனித்திருக்க வேண்டியவர் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவள் வழக்கம்போல ஏழு மணிக்குத் தன் சின்னக் காரை எடுத்துக்கொண்டு காலேஜுக்குப் போய்விட்டாள். மாப்பிள்ளை குளித்து, நெற்றியில் விபூதி வைத்து, டெலிபோனைத் துடைத்து மேஜை நடுவில் வைத்தார். ஏழரை அடித்தது. லைன் திறந்தது. அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எட்டு, எட்டரை, ஒன்பது. ஊர் முழுக்க மற்ற தேசத்துக்காரர்களின் பிள்ளைகள் வேண்டிய பாடத்தை அள்ளிக்கொண்டு போய்க்கொண்டிருந்த அந்த இரண்டரை மணி நேரமும், சுற்றுவட்டாரத்தில் இருபத்துமூன்று வீட்டில் இருபத்துமூன்று தகப்பன்மார் கையைக் கட்டிக்கொண்டு ஒரு டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று நினைத்தேன். எனக்கு இட்லி நன்றாக இறங்கியது.

பத்து மணி பத்து விநாடிக்கு மாப்பிள்ளை அமுக்கினார். பிஸி டோன். மறுபடி அமுக்கினார். பிஸி. பத்து பத்துக்கு அவர் ஆள்காட்டி விரல் சிவந்துவிட்டது, நடுவிரலுக்கு மாறினார். பத்து இருபத்தைந்துக்கு ஒரு தடவை மணி போய், மெஷின் பெண் "வெல்..." என்றாள். வெல்கம் சொல்லி முடிக்கவில்லை, அப்படியே உயிரை விட்டுவிட்டாள். அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. ஒரே நேரத்தில் வந்த இத்தனை பக்தியை அந்த மெஷின் வாழ்நாளில் பார்த்திருக்காது.

"மாமா, பத்தரை ஆச்சுங்களே! எமகண்டம்!"

"ஆமாங்க மாப்பிள்ளை."

"நேர்லயே ஆபீஸ்க்குப் போயிடலாமா? போறதுக்கு நேரம் பாக்கணுங்களா?"

"போறதுக்கு வேண்டாம். கையெழுத்துப் போடறதுதான் கணக்கு. பன்னெண்டுக்கு மேல போட்டுக்கலாம்."

அவர் வண்டியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன். இலவசமாக இதைவிட நல்ல காட்சி எங்கே கிடைக்கும்?

பல்கலைக்கழகப் பதிவு அலுவலகம் ஒரு பெரிய ஹால். கதவைத் திறந்ததும் மாப்பிள்ளை நின்றுவிட்டார். உள்ளே இருந்தவர்களில் பாதிப் பேர் மாணவர்கள்; மீதிப் பாதி, முந்தின நாள் பேஸ்மென்ட். இஸ்திரி போட்ட சட்டையும் ஆபீஸ் ஷூவுமாக இருபத்திரண்டு பேர், ஒருவரை ஒருவர் பார்க்காதபடி வெவ்வேறு சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எல்லாருடைய சட்டைப் பையிலும் ஒரே அளவில் மடித்த ஒரு தாள்.

"அடடே, ஜெயபிரகாஷ்! நீங்கள் எங்கை இஞ்சாலை?" என்றார் நகுலேஸ்வரன்.

"சும்மாங்க. பார்க்கிங் பெர்மிட் ஒண்ணு வாங்கணும். நீங்க?"

"நானோ? நான் சும்மா இந்தப் பக்கத்தாலை போனனான். பாத்ரூம் இருக்குமெண்டு வந்தனான்."

அவருடைய ஆபீஸ் அங்கிருந்து நாற்பது மைல். தூணுக்குப் பின்னால் ஒருத்தர் லைப்ரரி எங்கே இருக்கிறது என்று தூணையே விசாரித்துக்கொண்டிருந்தார். மூலையில் நோட்டீஸ் போர்டில் நீச்சல் வகுப்பு அறிவிப்பை மூக்கு இடிக்கிற தூரத்தில் படித்துக்கொண்டிருந்தவர் கஸ்தூரிரங்கன். அவருக்கு இரண்டாவது ஒரு மகள் இருந்தாள்.

அப்போது கவுன்டருக்குப் பின்னாலிருந்து கண்ணாடி போட்ட ஒரு வெள்ளைக்கார அம்மாள் எழுந்து நின்றாள். டெலிபோன் மெஷின் படுத்துவிட்டது, நாளைக்குத்தான் எழும்பும், அவசரக்காரர்கள் ரோஸ் நிற ஃபாரம் நிரப்பலாம் என்றாள். பிறகு ஹாலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, களைத்துப்போன குரலில், "பாராசைட்டாலஜிக்கு வந்தவர்கள் எல்லாரும் இடதுபக்க வரிசை" என்றாள்.

முதலில் யாரும் அசையவில்லை. பிறகு நீச்சல் வகுப்பு மெதுவாக இடதுபக்கம் நகர்ந்தது. லைப்ரரி நகர்ந்தது. பாத்ரூம் நகர்ந்தது. கடைசியாக எங்கள் பார்க்கிங் பெர்மிட்டும் போய் வரிசையில் நின்றது.

"என்கிட்ட மட்டும்னு சொன்னீங்களே சார்?" என்றார் மாப்பிள்ளை, முன்னால் நின்ற கஸ்தூரிரங்கனின் முதுகைப் பார்த்து.

"உங்க கிட்ட மட்டும்தானே சொன்னேன்?" என்று அவர் திரும்பினார், மனம் புண்பட்டவராக. "ஒவ்வொருத்தர் கிட்டயும் தனித்தனியாத்தானே ஓய் சொல்லியிருக்கேன்!"

கவுன்டரில் மாப்பிள்ளையின் முறை வந்தது. ஃபாரத்தில் மாணவியின் கையெழுத்து வேண்டும் என்றாள் அந்த அம்மாள். தான் தகப்பன் என்றார் இவர். சந்தோஷம், மாணவியின் கையெழுத்து வேண்டும் என்றாள். அவள் இதுவரை ஏதாவது பாடம் எடுத்திருக்கிறாளா என்றாவது பார்த்துச் சொல்லச் சொன்னார். அதை அவளிடம் கேளுங்கள், எங்களுக்குச் சொல்ல உரிமையில்லை என்றாள். பக்கத்தில் நகுலேஸ்வரன் கெஞ்சிக்கொண்டிருந்தார்: தன் மகனுக்கு இன்றைக்கும் டையைக் கட்டிவிடுவது தான்தான், அவன் கையெழுத்தைத் தான் போட்டால் என்ன குறைந்துவிடும்? கண்ணாடி அம்மாள் இருபத்துமூன்று ரோஸ் ஃபாரங்களை எண்ணிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அந்தப் பல்கலைக்கழகத்தின் பெரிய புல்வெளியில் நடந்ததை நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். இருந்தாலும் நடந்தது நடந்ததுதான். இருபத்துமூன்று நடுத்தர வயது ஆண்கள் கையில் ரோஸ் காகிதத்தோடு நாலாபக்கமும் ஓடிப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். பிள்ளைகள் குரல் வந்த திசையைப் பார்த்ததும் எதிர்த் திசையில் நடந்தார்கள். ஒரு பையன் மரத்துக்குப் பின்னால் ஒளிந்தான். அங்கே ஏற்கெனவே இரண்டு பேர் ஒளிந்திருந்தார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் இது ஏதோ இந்தியப் பண்டிகை என்று நினைத்துப் போட்டோ எடுத்தார்கள்.

தென்றல் ஒளியவில்லை. ஒரு பெஞ்சில் உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளை மூச்சு வாங்கிக்கொண்டு போய் நின்றார்.

"கண்ணு, இதுல ஒரு கையெழுத்து. இரு இரு, மணி என்ன? பன்னெண்டு அஞ்சு. போடு, போடு."

"நான் பதிவு செய்துவிட்டேன், அப்பா. நியூரோபயாலஜி. காலையில் இங்கே வந்து, பே ஃபோனிலிருந்து, ஏழு முப்பத்துநாலுக்கு."

"ஏழு முப்பத்துநாலா? ராகு காலத்துலயா?"

மகள் தன் பேச்சைத் தட்டினாள், திருட்டுத்தனமாகப் போன் பண்ணினாள், அதெல்லாம் அவருக்குப் படவில்லை. நான் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"அதை ட்ராப் பண்ணிட்டு இத ஏத்திடலாம். ரெண்டும் ஒரே ஃபாரம்தான். கையெழுத்துப் போடு."

"மாட்டேன்."

"தென்றல்!"

அவள் அந்தக் கிழவரைப் பற்றி மறுபடி ஆரம்பித்தாள். பாட்டு வருவது, பேச்சு வராதது. அவர் பேனாவின் மூடியைக் கழற்றினார். அவள் பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு விநாடி தகப்பனை மேலும் கீழும் பார்த்தாள். எந்த மருந்து உள்ளே இறங்கும் என்று நோட்டம் பார்க்கிற பார்வை. பிறகு வேறு குரலில் பேசினாள்.

"பாராசைட்டாலஜி புரொபசரைப் போன வாரம் போய்ப் பார்த்தேன். கஸ்தூரிரங்கன் அங்கிள் பையன் வருஷத்தில் ஒன்பது பேர் படித்தார்கள், ஒன்பது ஏ கொடுத்தார். போன வருஷம் அறுபத்தோரு பேர். எத்தனை ஏ தெரியுமா? ஒன்பது. அவர் எப்போதும் ஒன்பதுதான் கொடுப்பாராம். மீதி ஐம்பத்திரண்டு பேரில் முப்பது பேருக்கு சி. இந்த வருஷம் நூற்று நாற்பது பேர் உட்காருகிற ஹால் கொடுத்திருக்கிறார்கள்."

"முப்பது பேருக்கு சி யா? போன வருஷம் நம்ம பிள்ளைக எல்லாருமே எல்லாப் பாடத்துலயும் ஏ ன்னுதானே சொன்னாங்க? குமாரசாமி வீட்ல கேசரியெல்லாம் குடுத்தாங்களே?"

"நாம் ஆர்கானிக்குக்கு என்ன சொன்னோம், அப்பா?"

மாப்பிள்ளை பேனாவால் ரோஸ் ஃபாரத்தின் பின்பக்கம் நூற்று நாற்பதை ஒன்பதால் வகுத்தார். புரோகிராமர் அல்லவா, மகளின் கண்ணீரைவிட தசமப் புள்ளி அவரிடம் வேகமாக வேலை செய்தது. வகுத்து முடித்தவர், பேனாவை மூடிப் பையில் சொருகினார்.

அந்த நேரம் பார்த்து நகுலேஸ்வரன், மகன் அபிராமை மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார். பையன் பாவம், பெட்டிக்குள் மடித்து வைத்த வேட்டி மாதிரி இருப்பான்.

"என்ன ஜெயபிரகாஷ், பிள்ளை சைன் வைச்சிட்டுதோ?"

மாப்பிள்ளை ஃபாரத்தைக் கணக்கு தெரியாதபடி மடித்தார். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டார்.

"ஆச்சுங்க, ஆச்சு. சீட்டெல்லாம் போய்ட்டிருக்குது. நீங்களும் சீக்கிரம் போடச் சொல்லுங்க."

இருபது வருஷமாக அவரை எனக்குத் தெரியும். மனுஷருக்குச் சொந்தமாக ஒரு எண்ணம் தோன்றி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அதுவும் இந்த லட்சணத்தில்.

அபிராம் முழங்காலில் ஃபாரத்தை வைத்துப் பேனாவை ஊன்றினான். தென்றல் எழுந்தாள். தகப்பனைப் பார்த்தாள். பிறகு புல்வெளி முழுக்கக் கேட்கிற மாதிரி, "அபி! டோன்ட் சைன்!" என்று கத்தினாள்.

பேனாக்கள் நின்றன. மரத்துக்குப் பின்னாலிருந்து மூன்று தலைகள் எட்டிப் பார்த்தன. தகப்பன்மார் அங்கங்கே நின்ற இடத்தில் திரும்பினார்கள். அவள் பெஞ்சு மேல் ஏறிக்கொண்டாள். அங்கிள்மாருக்குச் சந்தேகம் வரக்கூடாது என்றோ என்னவோ, தனக்கு வருகிற உடைந்த தமிழிலேயே சொன்னாள்.

"அங்கிள்! ஒம்பது ஏ. ஒன்லி ஒம்பது. நூத்தி நாப்பது பேர். போன வருஷம் முப்பது சி. எல்லாரும் பொய் சொல்றாங்க. எங்க வீடும் பொய். எனக்கு ஆர்கானிக்ல பி."

அமெரிக்க மண்ணில் தமிழர் ஒருவர் தன் பி யைப் பொது இடத்தில் ஒப்புக்கொண்டது அன்றைக்குத்தான். நகுலேஸ்வரன் மெதுவாக மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார்.

"என்ன ஐசே இது? இப்பத்தானே என்ரை பிள்ளையைச் சைன் வைக்கச் சொன்னனீர்?"

மாப்பிள்ளை ஷூ லேஸைக் கட்டக் குனிந்தார். அது லேஸ் இல்லாத ஷூ.

கூட்டம் பெஞ்சைச் சுற்றி நெருங்கியது. முன்னால் வந்தவர் கஸ்தூரிரங்கன். தன் தாள் செத்துப்போனதில் அவருக்குத் துக்கமே இல்லை. அதற்குள் பையிலிருந்து ஒரு வெள்ளைக் காகிதத்தை எடுத்துவிட்டார்.

"அது கிடக்கட்டும். நீ எதைம்மா எடுத்திருக்க?"

"நியூரோபயாலஜி லேப்."

"ஸ்பெல்லிங்? சீட்டு இருக்கா?"

"இல்லை, அங்கிள். காலையில் எட்டு மணிக்குள் முடிந்துவிட்டது. நான் எடுத்தபோது ஒன்றோ இரண்டோதான் பாக்கி."

இருபத்திரண்டு முகங்களும் தொங்கிப்போயின. எட்டு மணிக்கு எல்லோரும் எங்கே இருந்தார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். சிலர் என்னைப் பார்த்தார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். பிறகு அத்தனை கண்ணும் பொறாமையோடு மாப்பிள்ளையின் மேல் போய் விழுந்தது. இருபத்துமூன்று வீட்டில் ஒரு வீட்டில்தான் அந்தச் சீட்டு இருக்கிறது.

மாப்பிள்ளை குனிந்த இடத்திலிருந்து நிமிர்ந்தார். அந்தக் கண்களைப் பார்த்தார். நான் கண்ணெதிரே பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் உயரம் இரண்டு அங்குலம் கூடியது.

"நாங்க ஏழரைக்கே போட்டுட்டமுங்க," என்றார் கஸ்தூரிரங்கனிடம், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டே. "இந்த ராகு காலமெல்லாம் நாங்க பாக்கறதில்லீங்க."

"ஏ ரெண்டுதானே குடுப்பாளாம் அந்தப் பொம்மனாட்டி?"

"ஏ எல்லாம் எதுக்குங்க? சப்ஜெக்ட்டு முக்கியம் பாருங்க. ஒரு பெரியவர்... பக்கவாதமுங்க... தண்ணி கேக்க வராது, பாட்டு மட்டும் வரும்..." என்று ஆரம்பித்தார். மூன்றாவது வாக்கியத்தில் கிழவருக்குப் பேச்சு வந்துவிட்டது, பாட்டுப் போய்விட்டது. யாரும் திருத்தவில்லை, இரண்டு பேர் குறித்துக்கொண்டார்கள்.

தென்றல் அதையெல்லாம் கேட்க நிற்கவில்லை. மிச்ச சாண்ட்விச்சை அபிராம் கையில் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். அவளுக்குப் பன்னிரண்டரைக்கு வகுப்பு இருந்தது.